மலைக் குளிருக்கு எந்த ஜூம் பிலிம் கேமரா: எஸ்பியோ 928-ஆ, மியூ ஜூம் 140-ஆ?

பிலிம் கேமரா வேண்டும், தானாக போகஸ் ஆக வேண்டும், ஜெர்கின் பையில் அடங்க வேண்டும், ஜூமும் இருக்க வேண்டும் என்று தேட ஆரம்பித்தால் பழைய கேமரா விற்பவர்கள் நிறைய மாடல்களை எடுத்து நீட்டுவார்கள். நிகான், கேனன், சாம்சங் எல்லாமே இந்த வகையில் கேமரா போட்டிருக்கின்றன. ஆனால் என் விஷயத்தில் கடைசிவரை போட்டியில் நின்றவை இரண்டுதான். ஒன்று பென்டாக்ஸ் எஸ்பியோ 928, இன்னொன்று ஒலிம்பஸ் மியூ ஜூம் 140. நான் வாங்கியது 928. என் மைத்துனர் குன்னூரில் 140 வைத்திருக்கிறார், அதை நானும் அவ்வப்போது வாங்கி எடுத்திருக்கிறேன். என் சாய்வு பென்டாக்ஸ் பக்கம்தான், அதை மனதில் வைத்துக்கொண்டே மேற்கொண்டு படியுங்கள்.

கான்டாக்ஸ் டிவிஎஸ்ஸும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். 1993-ல் வந்த அருமையான கேமரா, 28-56 மி.மீ. ஜூம், அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் திறப்பை, கையாலேயே வைக்கலாம். ஆனால் விலை வேறு உலகம். அதை எடுத்துக்கொண்டு மழையில் நடக்க எனக்கு மனம் வராது. நான் பயன்படுத்தியதும் இல்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

உருவத்தில் ஒலிம்பஸ் ஜெயிக்கிறது, சந்தேகமே இல்லை. வழுவழுவென்று சின்னதாக இருக்கும், முன்மூடியைத் தள்ளினால் ஆன், மூடினால் லென்ஸுக்குப் பாதுகாப்பு. 928 கொஞ்சம் தடிமன். பகல் வெளிச்சத்தில் இரண்டின் படமும் நன்றாகவே வரும், பிரிண்ட் போட்டால் எது எதில் எடுத்தது என்று எனக்கே சொல்லத் தெரியாது.

ஜூம் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் எனக்கு 928 பிடித்துப்போனது. அது 28 மி.மீ.யில் தொடங்கி 90-ல் முடிகிறது, மியூ 38-ல் தொடங்கி 140 வரை போகிறது. எண் சின்னதாக இருந்தால் காட்சி அகலமாக விழும், பெரிதானால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். கடையில் நிற்கும்போது 140 என்ற எண்தான் கண்ணை இழுக்கும். ஆனால் நம் நீலகிரியில் தூரத்தைவிட அகலம்தான் அதிகம் தேவைப்படுகிறது. கேத்தி பள்ளத்தாக்கை ஒரே படத்தில் அடக்க 38 போதாது. மலை ரயில் பெட்டிக்குள் எதிரெதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும் குடும்பத்தை 38-ல் எடுத்தால் யாராவது ஒருவரின் பாதி முகம் வெட்டுப்படும். அப்படியே 140 இருந்தாலும் எதிர்ப்பாறையில் நிற்கும் வரையாடு படத்தில் ஒரு புள்ளிதான்.

அப்புறம் வெளிச்சம். மியூ 140-ன் லென்ஸ் 38-ல் எஃப் 4, முழு ஜூமில் எஃப் 11 (இந்த எண் கூடக் கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும்). அதாவது மூன்று ஸ்டாப் போய்விடுகிறது, ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது, எட்டில் ஒரு பங்கு வெளிச்சம்தான் மிச்சம். மேகம் கனமாக மூடிய நாளில் 200 ஐஎஸ்ஓ (ஐஎஸ்ஓ என்பது பிலிமின் வெளிச்ச உணர்திறன்) பிலிம் போட்டிருந்தால் எஃப் 11-ல் ஷட்டர் வேகம் சுமார் 1/50 நொடிக்கு இறங்கிவிடும், 140 மி.மீ.யைக் கை நடுங்காமல் பிடிக்கக் குறைந்தது 1/140-ஆவது வேண்டும். சோலைக்காட்டுக்குள் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். 928-ன் கடைசி முனை எஃப் 9, ஜூமும் குறைவு என்பதால் நடுக்கத்தில் ஒரு ஸ்டாப்புக்கு மேல் தாராளம் கிடைக்கிறது. எதை வாங்கினாலும் 400 ஐஎஸ்ஓ பிலிம் போடுங்கள். மூடுபனி இருந்தால் பிளாஷை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பனித்துளிகளில் பட்டுத் திரும்பிப் படம் முழுக்க வெள்ளைப் படலம்தான் வரும். ஒலிம்பஸை மூடித் திறந்தால் அது மறுபடி ஆட்டோ பிளாஷுக்கே போய்விடும், ஒவ்வொரு முறையும் அணைக்க வேண்டும்.

சரி, இதெல்லாம்கூட அவரவர் விருப்பம். என் முடிவை உண்மையில் தீர்மானித்தது ஈரம்.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமழையில் கூடலூரும் ஊட்டியும் நனையும், அது முடிந்ததும் வடகிழக்கு வந்து குன்னூரையும் கோத்தகிரியையும் பிடித்துக்கொள்ளும். பீரோவில் வைத்த தோல் பெல்ட்டில் பூசணம் பூக்கிற ஊர் இது. காற்றில் ஈரப்பதம் 60, 65 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் லென்ஸ் கண்ணாடியில் பங்கஸ் பிடிக்கும், முதலில் நூல் நூலாக, பிறகு சிலந்தி வலைபோல. லென்ஸைக் கழற்றி மாற்றும் எஸ்எல்ஆர் கேமராவின் லென்ஸில் வந்தால் திறந்து துடைத்துத் தர இன்னமும் ஆள் இருக்கிறார்கள். இந்த மாதிரி சின்ன ஜூம் காம்பாக்ட்டில் அப்படி இல்லை. லென்ஸ், ஷட்டர், மோட்டார், போகஸ் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாகத் திணித்திருப்பார்கள், நடுவில் மெல்லிய ரிப்பன் கேபிள் ஓடும், பக்கத்திலேயே பிளாஷ் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் வரை மின்சாரம் தேங்கி நிற்கும். நீங்களாகத் திறக்கவே கூடாது. பழுது பார்ப்பவர்களிடம் கொண்டுபோனாலும் பெரும்பாலும் கையைத்தான் விரிப்பார்கள், பாகங்களைத் தயாரிப்பதை நிறுத்தி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

ஜூம் குழல் ஒரு துருத்தி மாதிரி என்பதையும் நினைவில் வையுங்கள். நீளும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது, சுருங்கும்போது தள்ளுகிறது. எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு காற்று, அவ்வளவு ஈரம், ரிப்பன் கேபிளுக்கும் அவ்வளவு மடக்கு. அதனால்தான் நம் ஊருக்குக் குட்டை ஜூம் போதும் என்கிறேன்.

ஒலிம்பஸுக்கு நியாயம் செய்ய வேண்டும். மியூ வரிசை தூறல் தாங்கும் என்று சொல்லியே விற்றார்கள், சாரலில் அதைத் தைரியமாக வெளியே எடுக்கலாம் என்பது மைத்துனரின் அனுபவம். கொட்டுகிற மழையில் நான் சோதித்ததில்லை. என் தயக்கம், அந்த ரப்பர் சீல்களுக்கு இப்போது கால் நூற்றாண்டு வயதாகிறது என்பதுதான். ரப்பர் இறுகிப்போயிருந்தால் ஈரம் உள்ளே போகும், போனது சீக்கிரம் வெளியேறவும் செய்யாது. தினமும் சாரலில் நடக்கிறவர், நல்ல நிலையில் ஒன்று கிடைக்கிறது என்றால், மியூவையே எடுங்கள். என் பயன்பாட்டுக்கு அது தேவைப்படவில்லை.

வாங்கும் முன் சோதிப்பதிலும் 928 வசதி. அதில் பல்ப் மோட் இருக்கிறது. பிலிம் போடாமல் பின்கதவைத் திறந்து, பல்ப்பில் வைத்து ஷட்டர் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஷட்டர் திறந்தே நிற்கும். முன்பக்கம் டார்ச் அடித்து லென்ஸ் வழியாகப் பாருங்கள், பங்கஸ் இருந்தால் தெரிந்துவிடும். ஜூமை இரண்டு முனையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். மியூ 140-ல் பல்ப் இல்லை, வெளியிலிருந்து பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். ஆன்லைனில் வாங்குகிறீர்கள் என்றால் விற்பவரிடம் இந்தச் சோதனையை வீடியோ எடுத்து அனுப்பக் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

வாங்கிய பிறகு பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். தோல் உறையில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல், முடிந்தால் ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். 40-50 சதவீதத்தில் நின்றால் போதும். ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். ஆனால் அந்த வாணலியில் பிறகு சமைக்க வேண்டாம். மாதம் ஒரு முறையாவது வெயிலடிக்கும் நாளில் வெளியே எடுத்து ஜூமை ஓட்டுங்கள். இன்னொன்று, மலையிறங்கும்போது கவனம் வேண்டும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், மேட்டுப்பாளையம் சுமார் 300. குளிர்ந்த கேமராவைக் கீழே இறங்கியதும் எடுத்து ஜூம் செய்தால் சூடான ஈரக்காற்று உள்ளே போய் கண்ணாடியில் நீராகப் படியும். ஜிப் கவரில் மூடியே வைத்திருந்து, கேமரா வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள்.

கடைசியாக பிலிம். ஒரு காலத்தில் ஊட்டி இந்து நகரிலேயே ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கருப்பு வெள்ளை பிலிம் தயாரித்தது. இப்போது எல்லாமே கூரியரில்தான், கழுவுவதற்கும் கோவைக்கோ சென்னைக்கோதான் அனுப்ப வேண்டும். வாங்கும்போது டப்பாவில் டிஎக்ஸ் கோடு, அதாவது அந்தக் கருப்பு வெள்ளிக் கட்டங்கள், இருக்கிறதா என்று பாருங்கள். சினிமா பிலிமை வெட்டிச் சுருட்டி விற்பதில் பல நேரம் அது இருக்காது. இந்த கேமராக்கள் ஐஎஸ்ஓவை அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கின்றன, கோடு இல்லையென்றால் தாமாகவே ஒரு குறைந்த ஐஎஸ்ஓவை எடுத்துக்கொள்ளும். பேட்டரி பெரும்பாலும் சிஆர்123ஏ அல்லது சிஆர்2 லித்தியம், எது என்று கேமராவின் மூடியில் பார்த்துக்கொள்ளுங்கள். மலை மேலே இருக்கும் கடைகளில் அது எல்லா நேரமும் கிடைக்காது, இரண்டாக வாங்கி ஒன்றைப் பையில் போட்டு வையுங்கள்.