பென்சில்வேனியா நெடுங்குழல் ரைஃபிள்: அசல் கல் லாக், கேப்புக்கு மாறியது, மறுபடி கல்லுக்குத் திருப்பியது

பென்சில்வேனியாவில் செய்த பழைய ரைஃபிள் ஒன்றைத் தேடுகிறவர் முன்னால் மூன்று வகைச் சரக்கு வந்து நிற்கும். செய்த நாள் முதல் சிக்கிமுக்கிக் கல் லாக்கோடே, அதாவது கல் உரசும் தீப்பொறியால் மருந்தைப் பற்றவைக்கும் பொறியமைப்போடே, இருப்பது ஒன்று. சுத்தியல் அடித்தால் தீப்பற்றும் சின்ன உலோகக் குப்பியான பெர்கஷன் கேப் பரவியபோது, சொந்தக்காரர் ஊர்த் துப்பாக்கிக் கொல்லரிடம் கொடுத்துக் கேப்புக்கு மாற்றிக்கொண்டது இரண்டாவது. அப்படி மாறியதைப் பிற்காலத்தில் யாரோ மறுபடியும் கல் லாக்காகத் திருப்பியது மூன்றாவது. சுவரில் மாட்டிவைத்தால் முதலாவதும் மூன்றாவதும் ஒன்றுபோலவே தெரியும். ஏமாற்றம் முளைப்பது அங்கேதான்.

முதன்முதலாக வாங்குகிறவருக்கு ஏற்றது இரண்டாவது வகை. அசல் கல் லாக் கிடைத்தால் அதைவிட மேல், ஆனால் அது அசல்தான் என்று சோதித்து உறுதிசெய்யத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவதை, கேப் துப்பாக்கியின் விலைக்குக் கொடுத்தால் மட்டும் யோசிக்கலாம்.

ஜெர்மானியக் குடியேறிகள் கொண்டுவந்த குட்டையான யேகர் ரைஃபிள்தான் லங்காஸ்டர், பெர்க்ஸ், லீஹை, யார்க் வட்டாரப் பட்டறைகளில் நீண்டு மெலிந்து இந்த வடிவத்துக்கு வந்தது. பெரும்பாலும் 42 முதல் 46 அங்குல எண்பட்டைக் குழல், வரி ஓடும் மேப்பிள் மரக் கட்டை, கட்டையின் பக்கத்தில், குண்டைச் சுற்றும் துணித்துண்டு வைக்கப் பித்தளை மூடி போட்ட பேட்ச் பாக்ஸ். ஜேகப் டிக்கர்ட் போன்ற லங்காஸ்டர் கைவினைஞர்களிடம் அந்த மூடியின் தலைப்பில் டெய்சிப் பூ பூக்கும். லீஹையில் கட்டையின் மேல்விளிம்பு வளைந்து இறங்கும். அலங்காரம் உச்சத்தைத் தொட்டது சுமார் 1780-லிருந்து 1820 வரை. கேப் பரவத் தொடங்கியது 1820-களில். ஆகவே மிக அழகான ரைஃபிள்களில் பல, வேட்டைக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே மாற்றத்துக்கு உள்ளாயின.

கொல்லர் என்ன செய்தார் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. குழலின் பக்கவாட்டில் இருந்த தீத்துளையைப் பெரிதாகத் துளைத்து, மரை போட்டு, சின்ன உருளை ஒன்றை முறுக்கி இறக்கினார். அதற்கு டிரம் என்று பெயர். அதன் தலையில் கேப் வைக்கும் நிப்பிள். மருந்து வைக்கும் தட்டை அறுத்தோ அரத்தால் தேய்த்தோ டிரம் உட்கார இடம் செய்தார். கல் உரசித் தீப்பொறி எழுப்பும் எஃகுத் தகடான ஃப்ரிசனையும் அதன் வில்லையும் கழற்றினார். கல்லைக் கவ்விய குதிரைக்குப் பதில் சுத்தியல் வந்தது. ஃப்ரிசனும் அதன் வில்லும் இருந்த திருகாணித் துளைகள் லாக் தகட்டில் காலியாகவோ ஆணித்துண்டால் அடைத்தோ அப்படியே நிற்கும். இது நேர்மையான வடு. அந்த ரைஃபிள் இரண்டு தலைமுறைக்கு உழைத்ததற்கு அதுவே சாட்சி.

லாக் முழுவதையும் மாற்றியிருந்தால் இழப்பு கூடுதல். அதைவிடப் பெரிய இழப்பு, குழலின் பின்முனையை வெட்டிப் புது அடைப்பு போட்டிருப்பது. அப்படி வெட்டிய குழலைப் பின்னுக்குத் தள்ளிப் பொருத்தியிருப்பார்கள். குழலின் அடியில் உள்ள கொக்கிகளும் கட்டையில் உள்ள குறுக்காணித் துளைகளும் அதன்பின் நேருக்கு நேர் வராது. கொக்கியை நகர்த்திய பழைய வெட்டு காலியாகத் தெரியும், இல்லாவிட்டால் கட்டையில் அடைத்த துளை தெரியும். குழலின் மேல் குறிபார்க்கப் பொருத்திய பின்குறிக்கு முன்னாலோ பின்னாலோ இன்னொரு வெட்டு அடைபட்டிருந்தால் அதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

அசல் கல் லாக் என்று சொல்லிக் காட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது தீத்துளையைச் சுற்றியுள்ள ஓர் அங்குல இடம். தட்டில் எரியும் கருமருந்தும் இரும்பை அரிக்கும், ஆனால் அந்த அரிப்பு குழல், தட்டு, ஃப்ரிசன் மூன்றிலும் சேர்ந்தே இருக்க வேண்டும். கேப்பின் எச்சம் இன்னும் கொடியது. நிப்பிளைச் சுற்றிக் குழலில் ஆழமான குழிகளையும், பக்கத்து மரத்தில் கருகிக் குழிந்த தடத்தையும் விட்டுப்போகும். குழலும் மரமும் அப்படிக் கிடக்க, தட்டும் ஃப்ரிசனும் மொழுமொழுவென்று இருந்தால், இடையில் அங்கே டிரம் இருந்திருக்கிறது என்று அர்த்தம். தீத்துளையைச் சுற்றி மெல்லிய வட்டக்கோடு தெரிகிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். டிரம் இருந்த பெரிய துளையை மரை போட்ட உலோகச் செருகலால் அடைத்துத்தான் மறுபடி சிறு தீத்துளை போடுவார்கள். குழலுக்குள் விடும் சிறு கேமராவில் அந்தச் செருகலின் உள்முனை தப்பாமல் தெரியும். ஆனால் சில அசல்களிலும் தேய்ந்த துளைக்கு அந்தக் காலத்திலேயே செருகல் போட்டிருக்கிறார்கள். வட்டக்கோட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

அடுத்து லாக்கைக் கழற்றி உள்பக்கம் பார்க்க வேண்டும். கையால் அரம் போட்ட பழைய பாகங்களில் வரிகள் ஒழுங்கில்லாமல் ஓடும். இக்கால வார்ப்புப் பாகங்களில் நுண்மணல் போன்ற பரப்பும், சில வேளை அச்சின் தையல்கோடும் இருக்கும். தேய்ந்த ஃப்ரிசன் முகத்தில் புது எஃகுத் தகடு ஒட்டியிருப்பது பழைய பழுதுபார்ப்பு, குறையாகாது. லாக்கில் கெட்லண்ட் என்ற இங்கிலாந்துப் பெயர் இருந்தாலும் பயப்பட வேண்டாம். அமெரிக்கக் கொல்லர்கள் பர்மிங்காம் லாக்குகளை வாங்கிப் பொருத்துவது அன்றாட வழக்கம்.

திருப்பிய ரைஃபிளை அடியோடு ஒதுக்கவும் கூடாது. டெய்சிப் பேட்ச் பாக்ஸுக்குப் பக்கத்தில் டிரம்மும் சுத்தியலும் கண்ணை உறுத்துவது உண்மைதான். பழைய லாக் தகட்டிலேயே, பழைய துளைகளிலேயே, அதே காலத்துப் பாகங்களை வைத்துச் செய்த வேலை மதிக்கத்தக்கது. அதற்கு முன் எடுத்த படங்களும் கழற்றிய டிரம்மும் சுத்தியலும் ரைஃபிளோடு கைமாற வேண்டும். அவை இல்லாமல் “அசல்” என்று மட்டும் சொன்னால் விலகிவிடுங்கள்.

பணம் உண்மையில் போவது செதுக்கலுக்கும் செய்தவர் பெயருக்கும்தான். ஆகவே லாக் மட்டும் சரியாக இருந்தால் போதாது. புடைப்புச் செதுக்கல் அசலாக இருந்தால் சுற்றியுள்ள மரப்பரப்பைவிட உயர்ந்து நிற்கும், ஏனென்றால் கட்டையை இழைக்கும்போதே அதற்கு மரத்தை விட்டுவைத்திருப்பார்கள். வெறும் கட்டையில் பிற்காலத்தில் செதுக்கினால் கூடுதல் மரம் கிடையாது. பூவைச் சுற்றித் தோண்டித்தான் பூவை எழுப்ப வேண்டும், அதனால் பின்னணி பள்ளமாகிவிடும். விரலைத் தடவினாலே பள்ளம் கையில் படும். இருநூறு ஆண்டில் மரம் சுருங்குவதால் கட்டையில் பதித்த பழைய வெள்ளித் தகட்டின் ஓரம் எங்காவது எழும்பியோ இடைவெளி விட்டோ இருக்கும். எல்லாத் தகடும் மயிரிழை பிசகாமல் இறுக்கமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1898-லோ அதற்கு முன்போ செய்தவை பழம்பொருள். மாநிலச் சட்டங்கள் வேறுபடும். சட்டம் எளிதாக இருந்தாலும் கைமாறிய வரலாற்றைக் கேட்டு வாங்குங்கள். பென்சில்வேனியாத் துப்பாக்கிக் கொல்லர் கிறிஸ்டியன் ஓர்ட்டர் 1775-இல் செய்த ரைஃபிள் 1971-இல் வேலி ஃபோர்ஜ் காட்சியகத்திலிருந்து களவுபோய், பல பத்தாண்டுகள் கழித்தே மீண்டது.

எந்த வகையைக் கையில் எடுத்தாலும், முதலில் குழல்வாயைத் தன்மேலும் பிறர்மேலும் படாதபடி வைத்து, ஒரு மரக்கோலை அடிவரை இறக்கிக் குழல்வாய் விளிம்பில் கோலின்மேல் குறியிடுங்கள். கோலை வெளியே எடுத்து, குறி குழல்வாய்க்கு நேராக இருக்கும்படி குழலின் பக்கத்தில் வைத்தால் முனை தீத்துளைக்கு நேரே வர வேண்டும். ஓரிரு அங்குலம் குறைந்தால் உள்ளே நூற்றாண்டுப் பழைய மருந்தும் குண்டும் இருக்கலாம். உலர்ந்த கருமருந்து காலத்தால் சாவதில்லை. அதைத் தொடாமல் பழந்துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள்.