ஃப்ளூக் 117: புதிய மெயின்டனன்ஸ் டெக்னீஷியனுக்கு முதல் மீட்டர்

மெயின்டனன்ஸ் டெக்னீஷியனாகப் புதிதாகச் சேருகிறவர்கள் ‘முதலில் என்ன டூல் வாங்கலாம்’ என்று கேட்டால், யோசிக்காமல் மல்டிமீட்டர் என்றுதான் சொல்வேன். ஸ்பானரும் அலன் கீயும் டூல் ரூமில் கிடைத்துவிடும். மீட்டர் மட்டும் சொந்தமாக இருக்கட்டும். அது காட்டும் எண்ணை நம்பித்தானே பேனலுக்குள் கையை விடுகிறோம். ஆறு வருடமாக என் பையில் இருப்பது ஃப்ளூக் 117.

இதை வாங்க வைத்தது ஒரு கன்வேயர். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம், கன்வேயர் திடீரென்று நின்றுவிட்டது. மோட்டாருக்கு சப்ளையைச் சேர்த்துவிடும் காந்த சுவிட்சான கான்டாக்டர் இழுக்கவில்லை. காயிலுக்கு வரும் கம்பியைக் கழற்றி, அப்போது என்னிடம் இருந்த சாதாரண மீட்டரால் அளந்தேன். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 87 வோல்ட். எங்கோ லூஸ் கனெக்‌ஷன், அதனால்தான் வோல்டேஜ் குறைகிறது என்று முடிவுகட்டி, டெர்மினல் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே போனேன். ஒன்றரை மணி நேரம் போனது.

சீனியர் வந்தார். தன்னுடைய 117-இன் டயலை ஆட்டோ வி லோஸீ என்ற இடத்துக்குத் திருப்பி, அதே கம்பியில் வைத்தார். கிட்டத்தட்ட பூஜ்ஜியம். “வோல்டேஜே இல்ல தம்பி. கம்பி எங்கயோ அறுந்திருக்கு. நீ பாத்தது பக்கத்து கேபிளோட நிழல்” என்றார். போய்ப் பார்த்தால், கன்வேயரின் கடைசியில், கயிற்றை இழுத்து அவசரமாக நிறுத்த உதவும் புல் கார்டு சுவிட்சுக்குள் ஒரு கம்பி முறிந்து கிடந்தது.

அந்த நிழல் எப்படி வருகிறது என்பதைப் புதியவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள் எதிர்ப்பு 10 மெகாஓம் அளவில் இருக்கும். ஒரே ட்ரேயில் லைவ் கேபிள்களோடு நீளமாக ஓடும் அறுந்த கம்பியில், கெபாசிட்டன்ஸ் வழியாக, அதாவது தொடாமலே பக்கத்துக் கம்பியிலிருந்து, கொஞ்சம் வோல்டேஜ் ஏறும். அதில் ஒரு கான்டாக்டரை இழுக்கும் சக்தி இருக்காது, ஆனால் மீட்டரில் எண்ணாக வந்து நிற்கும். லோஸீ நிலையில் 117-இன் உள் எதிர்ப்பு ஏறத்தாழ 3 கிலோஓம்தான். உண்மையான சப்ளை அதைத் தாங்கி நிற்கும், நிழல் விழுந்துவிடும். ஏசியா டிசியா என்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

அதற்காக எல்லா இடத்திலும் லோஸீ வைக்கக் கூடாது. அந்தக் குறைந்த எதிர்ப்பு நுட்பமான எலக்ட்ரானிக் சர்க்யூட்டைக் கெடுத்துவிடலாம். எலக்ட்ரானிக் கார்டு, சென்சார் பக்கம் போகும்போது டயலைச் சாதாரண வோல்ட்டுக்கு மாற்றிவிடுவேன்.

பிடித்த இன்னொன்று, தொடாமலே லைவ் காட்டும் வோல்ட் அலர்ட். எந்தக் கேபிள் லைவ் என்று மேலோட்டமாகத் தேட நல்லது. ஆனால் சப்ளை இல்லை என்று உறுதி செய்ய அதை ஒருபோதும் நம்பாதீர்கள். சப்ளையைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்சை ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, டேக் மாட்டி, அப்புறம் ப்ரோப் வைத்துத்தான் பார்க்க வேண்டும். முதலில் லைவ் என்று தெரிந்த இடத்தில் மீட்டர் வேலை செய்கிறதா, பிறகு நாம் கை வைக்கப்போகும் இடம், மறுபடியும் அந்த லைவ் இடம். மூன்று ஃபேஸ் என்றால் ஃபேஸுக்கு ஃபேஸ், ஒவ்வொரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே. அவசரமாக இருக்கும் நாளிலும் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

ஆம்ப் பார்த்துவிட்டுச் சிவப்பு ப்ரோப்பை ஆம்ப் துளையிலேயே விட்டுவிட்டு வோல்ட் அளக்கப் போவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அது நேராக ஷார்ட். டயலை ஆம்ப் நிலைக்குத் திருப்பும்போதும், அங்கிருந்து வெளியே எடுக்கும்போதும் ஸ்க்ரீனில் ‘லீட்’ என்று ஒரு கணம் வந்து போகும். கண் அதில் இருக்க வேண்டும். உள்ளே இருப்பது 11 ஆம்ப், 1000 வோல்ட் ஃப்யூஸ். போனால் அதே ரகம்தான் போட வேண்டும், கைக்குக் கிடைத்த கண்ணாடி ஃப்யூஸைச் சொருகக் கூடாது. மீட்டரின் பாதுகாப்பு ரேட்டிங் கேட் 3 (CAT III), 600 வோல்ட். ஆலைக்குள் இருக்கும் வழக்கமான 415 வோல்ட் பேனல்களுக்குப் போதும்.

குறைகளும் உண்டு. மில்லியாம்ப் ரேஞ்ச் கிடையாது. ஆம்பில் மிகச் சிறிய படியே 1 மில்லியாம்ப் என்பதால், அளவுக் கருவிகள் அனுப்பும் 4 முதல் 20 மில்லியாம்ப் வரையிலான சிக்னலைச் சரியாகப் படிக்க முடியாது. இன்ஸ்ட்ருமென்டேஷன் பக்கம் போகிறவர்கள் வேறு மாடல் பாருங்கள். வெப்பநிலை அளக்காது. மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி டிரைவின் அவுட்புட்டை அளக்க, அதிக அதிர்வெண் இரைச்சலை வடிகட்டும் லோ பாஸ் ஃபில்டரும் இல்லை. மோட்டார் இன்சுலேஷனைப் பார்க்க எப்படியும் மெகர் என்ற இன்சுலேஷன் டெஸ்டர் தனியாக வேண்டும், அது எந்த மல்டிமீட்டரின் வேலையும் இல்லை.

பேட்டரி ஒரே ஒரு 9 வோல்ட், நன்றாக உழைக்கிறது. என்னிடம் தேய்ந்தது ப்ரோப் வயர்தான். நான்காவது வருடம், பிளக் பக்கம் வளையும் கழுத்தில் வெடிப்பு விட்டது, உடனே மாற்றினேன். இப்போது திங்கள்கிழமை காலையில் முதல் வேலையாக இரண்டு ப்ரோப் நுனிகளையும் சேர்த்து வைத்து, வயரை அப்படியும் இப்படியும் வளைத்து ஓம் பார்க்கிறேன். 0.2, 0.3-இலேயே நின்றால் சரி. எண் குதித்தால் அன்றே புது வயர்.