ஜன்னலைச் சாத்திக்கொண்டு கேஸ் ஹீட்டர் போடலாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்

மதுரை வெயிலில் உட்கார்ந்துகொண்டு அறையைச் சூடாக்க அடுப்பு தேடியவன் நான். அம்மாவும் அப்பாவும் இருப்பது கொடைக்கானல் தாண்டி பூம்பாறையில். மார்கழி, தை ராத்திரிகளில் அங்கே எப்படி விறைக்கும் என்று ஒரு நாள் தங்கியவர்களுக்கே தெரியும், அம்மாவுக்கு மூட்டுவலி வேறு. அதுவரை இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கூடத்தில் கதவைத் திறந்து வைத்துக் குளிர்காய்வார்கள், படுக்கும் முன் சட்டியை வெளியே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தை மாற்றியது நான்தான்.

டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடை. பின்னால் சிலிண்டர் வைக்கிற கேஸ் ஹீட்டர், 9,500 ரூபாய். புகைபோக்கிக் குழாய் வேண்டாமா என்று இரண்டு முறை கேட்டேன். "புகை வந்தாத்தானண்ணே குழாய் வேணும்? கதவு ஜன்னலச் சாத்திட்டு நிம்மதியாத் தூங்கச் சொல்லுங்க, கேஸ் லீக் ஆனாக்கூட வாசமே காட்டிக் குடுத்துரும்" என்றார்.

முதல் நாள் ராத்திரியே அம்மா போனில், "சூடெல்லாம் நல்லாத்தான் இருக்கு, சுவருதான் வேர்த்து ஊத்துதுடா" என்றார். பனியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு அப்பா எழுந்தபோது அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்திருக்கிறார், நிற்க முடியவில்லை, அப்பாவுக்கும் கால் துவண்டிருக்கிறது. எப்படியோ கதவைத் திறந்து பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டதால் பிழைத்தார்கள். கொடைக்கானலுக்கு ஜீப்பில் கொண்டுபோனதும் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "ரூமுக்குள்ள என்ன எரிச்சீங்க?" உடனே ஆக்சிஜன் வைத்தார்கள்.

கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. சிலிண்டர் கேஸில் வருகிற நாற்றம் கசிவு தெரிய வேண்டும் என்று வேண்டுமென்றே கலப்பது, எரிந்த பிறகு உண்டாகும் இந்த விஷத்துக்கு அது எந்த எச்சரிக்கையும் தராது. கடைக்காரர் சொன்ன பதில் என் கேள்விக்கான பதிலே இல்லை, எனக்குத்தான் அப்போது புரியவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் இது 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். அறையைச் சாத்தி வைத்தால் உள்ளே ஆக்சிஜன் குறையும், குறையக் குறைய தீ சரியாக எரியாமல் இந்த விஷம் இன்னும் கூடும். கேஸ் எரிந்தால் நீராவியும் வரும், சுவர் வேர்த்தது அதனால்தான். எரிந்தது எதுவும் வெளியே போகவில்லை என்று அந்தச் சுவரே சொல்லியிருக்கிறது.

ஆக்சிஜன் குறைந்தால் தானாக அணைந்துவிடும் என்று பெட்டியில் அச்சடித்திருந்தது. மெக்கானிக் பிரித்துப் பார்த்தார், அப்படி ஒரு பாகமே உள்ளே இல்லை. ஐஎஸ்ஐ முத்திரையும் இல்லை. கடைக்குப் போனால், "ஜன்னலத் திறந்து வைக்காதது உங்க தப்புண்ணே" என்கிறார் அதே ஆள். கையில் இருப்பது வெறும் துண்டுச் சீட்டு, ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்காமல் வந்தது பெரிய தவறு. ஆனாலும் ஜிபே செய்த பதிவும் பெட்டியின் போட்டோவும் இருக்கின்றன. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. போகத்தான் போகிறேன்.

இப்போது அங்கே இருப்பது கரண்டில் ஓடும் ஆயில் ஹீட்டர். எதுவும் எரியாததால் இந்த விஷம் வர வழியில்லை. ஆனால் 2000 வாட் ஹீட்டர் 9 ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும், மணிக்கு 2 யூனிட் வரை ஓடும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ போட்டால் உருகிவிடும். அதனால் முதலில் 16 ஆம்பியர் பாயிண்ட் இழுக்கச் சொன்னேன். விறகடுப்புதான் வேண்டும் என்பவர்கள் கூரைக்கு மேல் போகும் புகைபோக்கி இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

ஊட்டி, கொடைக்கானல், மேகமலை பக்கம் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது இந்த மாதிரி கேஸ் ஹீட்டரோ கரிச்சட்டியோ அறைக்குள் வைத்துத் தூங்கினால் இன்றைக்கு ராத்திரிக்குள் ஒரு போன் போட்டுவிடுங்கள்.