கொதி, குளோரின், மணல், வெயில்: எந்தத் தண்ணீர் குடிக்கும்வரை சுத்தமாக இருக்கும்?

குழாய்த் தண்ணீர் எட்டாத இடங்களில் வீட்டிலேயே தண்ணீரைச் சுத்திகரிக்க நான்கைந்து முறைகள் உண்டு. ஆய்வுக்கூடத்தில் எல்லாமே தேறிவிடும். வித்தியாசம் தெரிவது இரண்டு இடங்களில்: கலங்கல் தண்ணீர் வரும்போது, சுத்தம் செய்த தண்ணீரில் யாராவது டம்ளரை முக்கும்போது.

கிருமியைக் கொல்வதில் கொதிக்கவைப்பதை மிஞ்ச ஆளில்லை. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும்; 2,000 மீட்டருக்கு மேலுள்ள மலைப்பகுதியில் மூன்று நிமிடம். குளோரினுக்கு மசியாத, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியும் இதில் தப்பாது. ஆனால் ஆறிய தண்ணீருக்குக் காவல் கிடையாது. வாயகன்ற பாத்திரத்தில் ஒரு கை பட்டால் பழையபடிதான். தினமும் விறகு வேறு வேண்டும்.

குளோரின் இதற்கு நேர்மாறு: கொல்வதில் ஒரு படி கீழே, காப்பதில் ஒரு படி மேலே. தெளிந்த தண்ணீருக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம், கலங்கலாக இருந்தால் 4. வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச் திரவம் என்றால் 20 லிட்டர் தெளிந்த தண்ணீருக்கு 0.8 மில்லி, கலங்கலுக்கு 1.6 மில்லி. கலக்கி 30 நிமிடம் விட வேண்டும். 24 மணி நேரம் கழித்தும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருந்தால்தான் அந்தக் காவல் நிற்கிறது என்று அர்த்தம். வெயிலில் வைத்த பழைய பிளீச் வீரியம் இழந்திருக்கும்; கணக்கு அங்கேயே பிசகும். சேற்றுத் தண்ணீரில் குளோரின் கரிமப் பொருளோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். அதற்காக அளவை ஏற்றிக்கொண்டே போனால் நெடி தாங்காமல் வீட்டார் கைவிட்டுவிடுவார்கள். முதலில் தெளியவிட்டுத் துணியில் வடிகட்டுவதே வழி.

அதிகம் சொதப்பப்படுவது மணல் வடிகட்டி. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மான்ஸ் 1990களில் உருவாக்கியது. இதில் வேலை செய்வது மணல் மட்டுமல்ல, அதன் மேல்பரப்பில் நுண்ணுயிர்கள் சேர்ந்து வளரும் உயிர்ப்படலமும்தான். அது முழுமையாக வளர 30 நாள் வரை பிடிக்கும். அதுவரை வடிந்த தண்ணீரில் குளோரின் கலந்தே குடிக்க வேண்டும். ஊற்றாதபோது மணலுக்கு மேல் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும். அதை முடிவு செய்வது வெளியேறும் குழாயின் உயரம். வசதிக்காக அந்தக் குழாயில் ஒரு ரப்பர் டியூபை மாட்டித் தொங்கவிட்டால், அது சைபனாகி மேல்தண்ணீரை இழுத்துவிடும். படலம் காய்ந்து சாகும். குளோரின் போட்ட தண்ணீரை மேலே ஊற்றினாலும் அதே கதிதான். ஒரு முறை ஊற்றியதற்கும் அடுத்ததற்கும் குறைந்தது ஒரு மணி நேரம், அதிகபட்சம் 48 மணி நேரம் இடைவெளி. ஓட்டம் குறைந்தால் மேல் மணலை மட்டும் கையால் மெல்லக் கலக்கி, கலங்கிய தண்ணீரை மொண்டு கொட்டினால் போதும். மணலை மொத்தமாக வாரிக் கழுவுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. வைரஸை இது அரைகுறையாகத்தான் பிடிக்கும்.

களிமண் பானை வடிகட்டி மணிக்கு 1 முதல் 3 லிட்டர் தரும். கண்ணுக்குத் தெரியாத விரிசலே அதற்கு எமன். கம்போடியாவில் நடந்த ஆய்வில் மாதத்துக்குச் சுமார் 2 சதவீத வடிகட்டிகள் பயன்பாட்டிலிருந்து விழுந்தன, பெரும்பாலும் உடைந்துதான்.

வெயில் முறைக்கு 2 லிட்டர் வரையிலான தெளிவான பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில், 6 மணி நேர வெயில். மேகமூட்டமென்றால் இரண்டு நாள். பாட்டிலைச் செய்தித்தாள் தலைப்பின் மேல் நிறுத்தி, வாய் வழியாகப் பார்க்கும்போது எழுத்து தெரியாவிட்டால் வடிகட்டாமல் வைத்துப் பயனில்லை. பெரிய குடும்பத்துக்கு இத்தனை பாட்டிலை யார் தினமும் அடுக்குவது?

எங்கள் தேர்வு: தெளிந்த தண்ணீருக்குக் குளோரின், கலங்கலுக்கு மணல் வடிகட்டி, வடிந்தபின் குளோரின். இரண்டிலும் மூடியும் குழாயும் உள்ள பாத்திரத்தில்தான் சேமிக்க வேண்டும்.

ஆர்சனிக்கும் புளோரைடும் உள்ள நிலத்தடி நீருக்கு இந்தத் தேர்வு பொருந்தாது. கொதிக்கவைத்தால் தண்ணீர் வற்றி, அவற்றின் செறிவுதான் கூடும். வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கைத் தவிர்க்கத் தோண்டிய குழாய்க் கிணறுகளில்தான் 1990களில் ஆர்சனிக் தெரியவந்தது. அதனால் கிணற்று நீரென்றால், வடிகட்டியை வாங்குவதற்கு முன்பே இந்த இரண்டையும் சோதித்துவிட வேண்டும்.