தியன்மாவும் ஷிஹூவும்: சீன மருத்துவத்தின் இரு ஆர்க்கிட்கள்

தலைவலி, தலைசுற்றல், வலிப்பு ஆகியவற்றுக்குச் சீன மருத்துவர்கள் தரும் தியன்மா, பச்சையமே இல்லாமல் ஆர்மில்லேரியா என்ற பூஞ்சையை நம்பி மண்ணுக்கடியில் பருக்கும் ஆர்க்கிட் கிழங்காகும்; வாய் வறட்சிக்கும் தணியாத தாகத்துக்கும் தரப்படும் ஷிஹூவோ, பாறையிலும் மரத்திலும் தொற்றி வளரும் டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் பேரினத்தின் தண்டு. தியன்மாவின் முதன்மைச் சேர்மமான காஸ்ட்ரோடின் ஒரு பீனால் கிளைக்கோசைடு, அதாவது சர்க்கரையோடு பிணைந்த பீனால் சேர்மம். அதைச் சிதைக்கும் நொதிகளை முடக்குவதற்காகவே கிழங்கை ஆவியில் வேகவைத்த பின் உலர்த்துகிறார்கள். காஸ்ட்ரோடின் சீனாவில் ஊசிமருந்தாகவும் பயன்படுகிறது.

ஷிஹூவின் வேதியியல் இத்தனை எளிதன்று. டென்ட்ரோபியத்தின் நோபிலி இனத்தில் டென்ட்ரோபின் என்னும் ஆல்கலாய்டு (நைட்ரஜன் கொண்ட தாவரச் சேர்மம்) முக்கியமானது. சுருளாக முறுக்கி விற்கப்படும் அஃபிசினாலே இனத்திலோ, மென்றால் பிசுபிசுக்கும், மானோஸ் என்ற சர்க்கரை மிகுந்த பல்சர்க்கரைகளே மேலோங்குகின்றன. ஆகவே, 2010ஆம் ஆண்டுச் சீன அதிகாரபூர்வ மருந்துநூல் அஃபிசினாலேவைத் தனிமருந்தாகப் பிரித்தது, சற்றுத் தாமதமானாலும், முறையானதே.