வௌவால் கணக்கெடுப்பு: கையில் டிடெக்டரா, கம்பத்தில் ரெக்கார்டரா?

கட்டுமானத்துக்கு முன் ஓரிடத்தில் என்னென்ன வௌவால்கள் நடமாடுகின்றன என்று சொல்ல வேண்டிய சூழலியல் ஆலோசகருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஹெட்டரோடைன் டிடெக்டரைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நடக்கலாம்; மனிதக் காதுக்கு எட்டாத வௌவாலின் மீயொலியை, நாம் வைத்த அலைவரிசையை ஒட்டி மட்டும், கேட்கும் ஒலியாக மாற்றித் தரும் கைக்கருவி அது. தானியங்கி ரெக்கார்டரைக் கட்டிவிட்டு வரலாம். நான் தேர்ந்தெடுத்தது ரெக்கார்டர்.

கைக்கருவியின் பலம் கண்ணோடு சேர்ந்தது. எந்தப் பொந்திலிருந்து கிளம்பியது, ஒன்றா நான்கா என்பதை ஆள் நின்று பார்த்தால்தான் தெரியும். ரெக்கார்டரில் இருபது முறை விழுந்த ஒலி ஒரே வௌவாலுடையதாகவும் இருக்கலாம். ஆகவே கட்டடத்தில் தங்குமிடம் தேடும் வேலை என்றால், பொழுது சாயும் முன்பே ஆள் நின்றாக வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் டிடெக்டரை 45 கிலோஹெர்ட்ஸில் வைத்திருக்கும்போது, 100-க்கு மேல் ஒலிக்கும் சிறிய லாடமூக்கு வௌவால் தலைக்கு மேலே போனாலும் கேட்காது. சாதாரண ஹெட்டரோடைனில் ஒலி பதிவாவதும் இல்லை. நாளை யாராவது கேள்வி கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

ரெக்கார்டர் நொடிக்கு 3,84,000 மாதிரிகள் எடுத்தால் 192 கிலோஹெர்ட்ஸ் வரை பிடிபடும். அதே வேகத்தில் 16 பிட்டில் விடாமல் பதிந்தால் மணிக்குச் சுமார் 2.8 ஜிபி, 12 மணி நேர இரவுக்கு 33 ஜிபி ஆகும். அதனால் ஒலி வந்தால் மட்டும் பதியும்படி ட்ரிகர் வைப்போம். அங்கேதான் வெட்டுக்கிளிகள் வந்து கார்டை நிரப்பும். அவற்றின் ஒலியும் மீயொலி எல்லைக்குள் போகிறது. ஆகவே இலைகள் உரசாத இடத்தில் கம்பம் நட்டு, இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில், சுவரையோ தரையையோ பார்க்காமல் மைக்கைத் திருப்பி வையுங்கள். எதிரொலி கலந்தால் அழைப்பின் வடிவம் சிதையும்.

உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது மைக்தான். ஈரம் ஏறினால் அதன் உணர்திறன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பேட்டரி செத்தால் கருவி நின்றுவிடும், நமக்கும் தெரிந்துவிடும். மைக் மந்தமானாலோ கருவி கோப்புகளை எழுதிக்கொண்டே இருக்கும். கேட்கும் தூரம் பாதியானால், கேட்கும் வெளி எட்டில் ஒரு பங்காகிவிடும். முதலில் காணாமல் போவது உச்ச அலைவரிசை இனங்கள், ஏனென்றால் அந்த ஒலியைக் காற்று வேகமாக உறிஞ்சுகிறது. நல்ல மைக்குக்கே அவை சில மீட்டருக்குள்தான் எட்டும்.

அதனால் கட்டும் அன்றும் கழற்றும் அன்றும் 40 கிலோஹெர்ட்ஸ் அளவுகோல் ஒலியை ஒரே தூரத்தில் வைத்து ஒலித்து, அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். சாவிக்கொத்தைக் குலுக்கினாலும் மீயொலி வரும். ஆனால் அது மைக் உயிரோடு இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். 6 டெசிபல் குறைந்திருந்தால் அந்த மைக்கை நான் மாற்றிவிடுவேன். உலரவைத்தால் சில தேறும், ஆனாலும் திரும்பச் சோதிக்காமல் களத்துக்கு அனுப்பக் கூடாது.

இனங்காணும் மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒன்றுபோலவே ஒலிக்கும் மையோட்டிஸ் என்ற வௌவால் பேரின இனங்களை அது துணிச்சலாகப் பெயரிடும், அவற்றில் பாதியை நம்ப முடியாது. அரிய இனம் என்று வந்த ஒவ்வொரு கோப்பையும் ஸ்பெக்ட்ரோகிராமில், அதாவது ஒலியின் அலைவரிசை நேரத்தோடு மாறுவதைக் காட்டும் படத்தில், கண்ணால் பாருங்கள். அடர்ந்த மழைக்காட்டிலும் இதே கணக்கு செல்லும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். திறந்தவெளியிலும் வேலியோரங்களிலும் செல்லும்.

கழற்றும் அன்று சோதனையில் மைக் தேறவில்லையா? அந்த இரவுகளுக்கு நேரே அட்டவணையில் ‘வௌவால் இல்லை’ என்று எழுதாதீர்கள், ‘தரவு இல்லை’ என்று எழுதுங்கள்.