‘வகுப்புக்கு 12 பேர்தான்’ என்று சொல்லும் மாண்டிசோரி பள்ளியா? பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

மூன்று வயதுக் குழந்தைக்கு மாண்டிசோரி பள்ளி, அதாவது குழந்தைகள் பொருட்களைத் தாங்களே எடுத்துச் செய்து கற்றுக்கொள்ளும் பள்ளி, தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் மகளை அப்படி ஒரு பள்ளியில் சேர்த்து, முதல் பருவம் முடிவதற்குள் வெளியே எடுத்துவிட்டோம். பெயர் சொல்லப்போவதில்லை.

அட்மிஷன் பேச்சு முழுக்க ஒரே எண்தான்: 12. “ஒரு வகுப்புக்கு 12 குழந்தைக்கு மேல எடுக்கவே மாட்டோம். உங்க பாப்பாவை எந்நேரமும் கவனிக்க ஆள் இருக்கும்” என்றார்கள். ஃபீஸ் ஏன் இவ்வளவு என்று கேட்டபோதும் பதில் அதே 12தான். அறையைத் திறந்து காட்டினார்கள். தாழ்வான அலமாரிகள், பிங்க் டவர் (பெரியதிலிருந்து சிறியது வரை அடுக்கும் கனசதுரங்கள்), விரலால் தடவிப் பழகும் மணல்தாள் எழுத்துகள், எண்ணிப் பழகும் தங்க மணிகள், எல்லாம் பளபளவென்று புதிதாக இருந்தன.

பளபளப்புக்குக் காரணம் சேர்ந்த பிறகு தெரிந்தது. அவற்றை யாரும் தொடுவதில்லை. காலையில் பாட்டு, அப்புறம் வொர்க்‌ஷீட், ஒழுங்காக எழுதினால் கையில் ஸ்டார். இடைவேளைக்குப் பிறகு ‘மாண்டிசோரி பீரியட்’ என்று கொஞ்ச நேரம். குழந்தைகள் வட்டமாக உட்கார, ஒருவர் ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்ப வைப்பார். “பிங்க் டவரை மிஸ் மட்டும்தான் எடுக்கலாம்” என்று மகள் வீட்டில் வந்து சொன்னாள். அந்தப் பத்துக் கனசதுரங்களையும் குழந்தையே ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து, அடுக்கி, சரியாக வராவிட்டால் தானே கண்டுபிடித்து மாற்றிவைப்பதற்காகத்தான் அந்தப் பொருளே இருக்கிறது.

அந்த 12-ம் நிஜமில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர் மூன்று அறைகளுக்கும் சேர்த்து ஒருவர்தான். மற்ற நேரமெல்லாம் உதவியாளர்கள். ஓர் உதவியாளர் லீவு போட்டால் இரண்டு அறைக் குழந்தைகளையும் ஒரே அறையில் விட்டுவிடுவார்கள். இதைக் கேட்டபோது, “12 என்று சொன்னது ஒரு பெரியவருக்கு 12 குழந்தை என்ற கணக்கில்” என்றார்கள். இங்கேதான் பெற்றோர்கள் உஷாராக இருக்க வேண்டும். ஓர் அறையில் 12 குழந்தைகள் இருப்பது வேறு. 24 குழந்தைகளையும் இரண்டு பெரியவர்களையும் ஒரே அறையில் வைத்துவிட்டு விகிதம் அதேதான் என்பது வேறு. நம்மிடம் சொல்லும்போது முதலாவது, கேள்வி கேட்டால் இரண்டாவது.

எனக்கு இதைவிடப் பெரிய கோபம் வேறொன்றில். மூன்று முதல் ஆறு வயது வரையிலான மாண்டிசோரி வகுப்புக்கு, ‘சின்ன வகுப்பு’ என்பதே ஒரு தகுதி கிடையாது. 1907-இல் ரோமில் மரியா மாண்டிசோரி தொடங்கிய முதல் வகுப்பிலேயே ஏறக்குறைய ஐம்பது குழந்தைகள் இருந்தார்கள். அவர் வழியை அப்படியே பின்பற்றும் இடங்களில் இன்றும் ஒரு பயிற்சி பெற்ற ஆசிரியர், ஓர் உதவியாளர், சுமார் 30 குழந்தைகள் என்பது சகஜம். மூன்று, நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் கலந்து இருப்பார்கள். பெரியவன் செய்வதைப் பார்த்துச் சின்னது கற்றுக்கொள்ளும். ஒவ்வொரு பொருளும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்பதால் காத்திருக்கவும் பழகும். எங்கள் மகளோடு இருந்தவர்கள் எல்லோரும் மூன்று வயது. பார்த்துக் கற்றுக்கொள்ள அங்கே யார் இருந்தார்கள்? ஆள் இருந்த நேரத்திலும் சட்டைப் பட்டனைக்கூடக் குழந்தையைப் போடவிடாமல் ஓடிவந்து போட்டுவிட்டார்கள்.

மூன்று வயதுக்குக் கீழே என்றால் கதை வேறு. அங்கே சின்னக் குழுதான் வேண்டும், பெரியவர்களும் கூடுதலாக வேண்டும். அதேபோல, 30 குழந்தைகளைப் பயிற்சி இல்லாத ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு ‘அசல் மாண்டிசோரி’ என்பவர்களையும் நம்பாதீர்கள்.

போர்டைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. ‘மாண்டிசோரி’ யாருடைய தனிச்சொத்தும் இல்லை. அமெரிக்காவில் 1967-லேயே அது பொதுப்பெயர்தான் என்று முடிவாகிவிட்டது. ஆகவே ஆசிரியரின் பயிற்சியைக் கேளுங்கள். எந்தப் பயிற்சி நிறுவனம், எந்த வயதுப் பிரிவுக்கான சான்றிதழ், காலை முழுவதும் அவர் இதே அறையில் இருப்பாரா என்று கேளுங்கள். ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பயிற்சி மூன்று வயதுக் குழந்தைக்கு உதவாது. ஐந்து வயதுக் குழந்தைகள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். பலர் அந்த வயதில் வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவதால், கலந்த வயது வகுப்பு என்பது பேச்சளவில் மட்டும் நிற்கும் இடங்கள் உண்டு.

வகுப்பு நடக்கும்போது ஒரு மூலையில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். காலையில் சுமார் மூன்று மணி நேரம் இடையூறில்லாமல் குழந்தைகள் தாங்களே தேர்ந்தெடுத்த வேலையைச் செய்ய வேண்டும். பொருட்களின் ஓரம் தேய்ந்திருந்தால் நல்ல அறிகுறி. காலி அறையை மட்டும் காட்டுகிற இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

நாங்கள் வெளியேறியபோது, கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது என்று படிவத்தில் இருந்த வரியைக் காட்டினார்கள். அதே படிவத்தில் 12 என்ற எண் எங்குமே இல்லை. ஒரு அறையில் அதிகபட்சம் எத்தனை குழந்தைகள், ஆசிரியர் யார், பாதியில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். பணத்தைக் கேட்டு எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.